தூங்காதே என்று சொல்வதற்கு முன்

லாரிகளை நிறுக்கிற எடைமேடைக் கணினியின் பெட்டியில் நேற்று பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து மேசைமேல் உதிர்ந்துகொண்டிருந்தது. துடைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக் என்று ஒன்று, பின்னாலேயே ஒரு முனகல். ஹார்டு டிஸ்க் தூங்கி எழுகிற சத்தம். நீ இல்லாமல் வந்த முதல் ஆயுத பூஜை இது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆண்டு முழுக்க ஓடுகிற இந்தப் பெட்டியை ஆயுத பூஜைக்கு மட்டும்தான் அணைப்போம். அணைத்து எழுப்பினால் நீ சொல்லிவைத்ததெல்லாம் அதற்கு மறந்துபோகும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் படுத்துவிடும். எடை திரையில் வந்துவிடும், அது எழுந்திருக்கும் வரை சீட்டு வராது. காலையில் இரும்புக் கழிவு ஏற்றிவந்த ஓட்டுநர் சன்னலில் தலையை நீட்டினார். "இன்னா மேடம், பொட்டு வச்சி பூஜை போட்டும் மக்கர் பண்ணுது?" அவருக்குப் பின்னால் தொழிற்பேட்டைச் சாலை வரைக்கும் வரிசை நின்றது.

யாரோ கழித்துப்போட்ட இந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டு எடைமேடைக்குக் கொண்டுவந்தவள் நீ. "வைரஸ் பேஜாரு இல்லடி, நிம்மதியா இருப்ப" என்றாய். பூஜை முடிந்த மறுநாள் கையில் டீயோடு வந்து உட்காருவாய். எச்டிபார்ம் என்று தொடங்கி டிஸ்க்குக்கு இரண்டு கட்டளை அடிப்பாய். ஒன்று, சும்மா இருந்தாலும் தூங்காதே. இன்னொன்று, கேட்பதற்கு முன்பே அடுத்ததைப் படித்து வை. "எங்க ஊட்ல என்னாண்ட எதிர்பார்க்கறதும் இத்த தாண்டி" என்று சொல்லி நீயே சிரிப்பாய். அதற்குப் பிறகு பெட்டி அடுத்த பூஜை வரைக்கும் கண் மூடாது.

ஆனால் அந்த இரண்டுக்கும் முன்னால் வேறொன்று அடிப்பாய். டிஸ்க்கின் உடல்நிலையைக் கேட்கிற கட்டளை. வந்த எண்களை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. தானாகவே நடக்கிற மாதிரி எழுதிவைத்தால் என்ன என்று நான் கேட்டேன். "அப்புறம் எவ வந்து பாப்பா? கேக்காம வேலை வாங்கக் கூடாதுடி. மொதல்ல உடம்பு எப்பிடி கீதுன்னு கேளு. அப்பாலிக்கா தூங்காதன்னு சொல்லு." போன வருடம் என்னையே அடிக்க வைத்துவிட்டு நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

இவ்வளவு தெரிந்தவள்தான் காய்ச்சலோடு வேலைக்கு வந்தாய். கம்பெனி வேனில் செவ்வாப்பேட்டையில் நான் ஏறி உனக்கு இடம் போட்டு வைப்பேன். வேப்பம்பட்டில் நீ ஏறுவாய். அன்றைக்கு உன் தோள் என்மேல் பட்டபோது கொதித்தது. "இன்னாடி உடம்புக்கு?" என்றேன். "ஒண்ணும் இல்ல. மாத்திரை போட்டுக்கினு வந்துட்டேன்." மறுநாளும் கேட்டேன். "ஒண்ணும் இல்லடி, நான் லீவு போட்டா சிஸ்டத்த யாரு பாப்பா?" பெரியபாளையம் தாண்டும் வரை என் தோளில் தூங்கினாய். அந்த வாரமே திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதற்குள் முடிந்துவிட்டது.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. துக்கம்கூடக் கொஞ்சம் அடங்கிவிட்டது, கோபம் அடங்கவில்லை. உன் வேலையையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். ஆள் போடுகிறோம், ஆள் போடுகிறோம் என்கிறார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

வரிசையைப் பார்த்துவிட்டு மேனேஜர் போன் செய்தார். "அந்த ரெண்டு லைனையும் ஆன் பண்ணும்போதே வர்ற மாதிரி ஃபைல்ல போட்டுடும்மா. வருஷா வருஷம் இந்தத் தொல்லை எதுக்கு?" சரி என்றுதான் சொன்னேன். எனக்கும் அலுத்துவிட்டிருந்தது. ஃபைலைத் திறந்தும் விட்டேன். ஆனால் கை கேட்கவில்லை. முதலில் உடல்நிலையைக் கேட்டேன்.

போன வருடம் சுழியாக இருந்த இடத்தில் இன்று பெரிய எண் ஒன்று நின்றது. டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்கள் அத்தனை. நீ பார்த்திருந்தால் டீயைக் கீழே வைத்திருப்பாய். உள்ளே இவ்வளவு நோவை வைத்துக்கொண்டுதான் அது காலையிலிருந்து விழுந்து எழுந்து சீட்டு அடித்துக்கொண்டிருந்தது. போன பூஜைக்குப் பிறகு இன்றுவரை அதை யாரும் கேட்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டது. நான் இரண்டு முறை கேட்டும் நீ சொல்லவில்லையேடி.

ஃபைலை மூடினேன். எடைக் கணக்கையெல்லாம் பென்டிரைவில் எடுத்து வைத்தேன். மேனேஜரைக் கூப்பிட்டு, டிஸ்க் மாற்றியாக வேண்டும், அதுவரை அந்தக் கட்டளைகளைப் போட்டு அதை முடுக்கப்போவதில்லை, தூங்கித் தூங்கியே வேலை செய்யட்டும் என்றேன்.

"லாரிக்காரங்க கத்துவாங்களேம்மா."

"கத்தட்டும் சார்."

முணுமுணுத்துவிட்டுப் புது டிஸ்க்குக்குச் சொல்லுகிறேன் என்றார். போனை வைத்துவிடப் போனவர், என் குரலில் எதையோ கேட்டாரோ என்னவோ, வைக்கவில்லை. "உனக்கு இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஒண்ணும் இல்ல சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் குரலிலேயே வந்தது. பெட்டி டிக் என்று எழுந்து முனகிக்கொண்டிருந்தது.

"முடியல சார்" என்றேன். "நாளைக்கு நான் வரல."