பூக்கடை முன்னால் எடுத்த படம்

அன்புள்ள ஸ்டெல்லா அக்கா,

நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது. பாருங்கள், பழக்கம் இன்னும் போகவில்லை.

நம் இணைய வகுப்பில் மறுபடி சேர்ந்திருக்கிறேன். விமான டிக்கெட் போடும் வேலை போனதிலிருந்து எனக்கு வேறெதுவும் அமையவில்லை. நீங்கள் தோ பாயோ வீட்டுச் சமையலறையிலிருந்து குக்கர் விசிலோடு கலந்துகொண்ட அதே விழா ஏற்பாட்டு வகுப்புதான். செய்த வேலைகளைப் படங்களோடு இணையத்தில் போர்ட்ஃபோலியோவாக அடுக்கி வைத்தால் நம் வயதுக்கும் இந்தச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் என்று ஆசிரியை அதே குரலில் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

உங்களுடையதை முடிக்க நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? எத்தனை கல்யாண மேடை, எத்தனை தேவாலயத் திருவிழா உங்கள் கையால் பூத்தது! ஆனால் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையும் பொண்ணும் சொந்தமும் மேடையை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க செஞ்ச டெக்கரேஷன் எங்க ஸ்டெல்லா?" என்றார் ஆசிரியை.

"தெரியுதே லா, அந்த மாமியார் கொண்டைக்குப் பின்னால!" என்றீர்கள். வகுப்பே சிரித்தது.

போர்ட்ஃபோலியோவின் முகப்புக்கு உங்கள் படத்தை நான்தான் எடுத்தேன். பூ வேலை செய்பவருக்குப் பூக்கடைதானே பொருத்தம் என்று, சிராங்கூன் ரோட்டில் தொங்கும் மாலைகளுக்கு முன்னால் நிற்க வைத்தேன். அந்தப் பக்கத்தை எங்கெங்கோ அனுப்பினீர்கள். ஒரு பதிலாவது வந்ததா? "பாத்திருப்பாங்களா கமலா?" என்பீர்கள். "பாக்காம இருப்பாங்களாக்கா" என்பேன். வேறென்ன சொல்வது?

பிறகு அந்த நெஞ்சுவலி. உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உங்களைக் கிடத்தி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அதே படம்.

"நல்ல படம்னு வேற ஒண்ணும் இல்லம்மா. மத்த எல்லாத்துலயும் ஓரமா நிக்கிறா" என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

தனியாக மாலை போடக்கூடத் தேவையிருக்கவில்லை. பின்னால் வரிசையாகத் தொங்கின. என்னால் பார்க்க முடியவில்லை அக்கா. யார் பார்க்கட்டும் என்று எடுத்தோம், யார் வந்து பார்த்தார்கள்!

போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆசிரியை உங்கள் பக்கத்தைத் திரையில் காட்டினார், இப்படித்தான் செய்ய வேண்டும் என்று. ஒரு பெண் ஆர்வமாகக் கேட்டாள்: "அப்ப இவங்களுக்கு எந்த கம்பெனில ஜாப் கிடைச்சுது?"

நான்தான் மைக்கைப் போட்டு, "கிடைக்கலம்மா. இறந்துட்டாங்க" என்றேன். பாடம் தொடர்ந்தது.

என் பக்கம் பாதியில் நிற்கிறது. நம்பிக்கை இருக்கிறதா என்றால், இல்லை அக்கா. ஆனாலும் முடித்துவிடுவேன், இது உங்களுக்குத் தரும் வாக்கு. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப்போய் முகப்புப் படம் எடுத்துக்கொள்கிறேன். பூக்கடை வேண்டாம். ஒரு வெறும் சுவருக்கு முன்னால் நின்று நன்றாகச் சிரிக்கிறேன். வேலைக்கு உதவாவிட்டாலும், வீட்டில் தேட வேண்டியிருக்காது.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
கமலா