அந்தப் பெண் பஸ் ஏறினாளா?

பாகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சரண்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம், அயர்லாந்துக் குளிரில் உன்னையும் மூலநாதர் நலமாக வைத்திருக்கட்டும். போன வாரம் போனில், ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருஷம் வேலையில் இருக்கச் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தாய், நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, கடைசி சீனைப் பார்த்துட்டு இன்னா தோணுதுன்னு சொல்லும்மா என்று வைத்துவிட்டாய். பார்த்தோம். இரண்டே கால் மணி நேரம் ஒரு பெண் பெரியவளாகிறாள். வயசுக்கு வருகிறாள், பரீட்சையில் கோட்டை விடுகிறாள், எவனோ ஒரு தாடிக்காரனுக்காக அழுகிறாள், டெல்லியில் வேலை கிடைக்கிறது. கடைசியில் பெட்டியோடு ரோட்டில் நிற்கிறாள், பஸ் வந்து அவளை மறைக்கிறது, கிளம்புகிற சத்தத்தோடு திரை இருட்டாகிவிட்டது. ஏறினாளா இல்லையா என்று சொல்ல அந்த டைரக்டருக்கு என்ன கேடு? இதற்கு அவார்டு வேறாம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பஞ்சாயத்து. உன் அப்பா, அவ ஏறலடி, எனக்குத் தெரியாதா என்கிறார். இருபத்தெட்டு வருஷம் புதுச்சேரிக்கு பஸ் ஓட்டியவர் அல்லவா, பெட்டியோடு ஒரு ஆள் ஏறுகிற அளவுக்கு அந்த பஸ் நிற்கவே இல்லையாம், ரிமோட்டால் நான்கு முறை பின்னுக்கு ஓட்டிப் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டு உஷாராணி டீச்சர், பஸ் என்பது வாழ்க்கை என்றாள். அப்ப கண்டக்டர் யாரு என்று அப்பா கேட்டதில் கோபித்துக்கொண்டு போனவள் இன்னும் வரவில்லை, நம் இட்லிக் குண்டான் அவள் வீட்டில் மாட்டிக்கொண்டது. நான் சொல்கிறேன், அவள் ஏறிவிட்டாள். எல்லோரும் ரோட்டையே பார்த்தீர்கள், அதற்கு முந்தின சீனில் அடுப்படியை யாரும் பார்க்கவில்லை. அவள் அம்மா பொட்டலம் கட்டுகிறாளே, அது புளிசாதம். சாயங்காலம் திரும்பி வருகிற பிள்ளைக்கு எவளாவது புளிசாதம் கட்டுவாளா? தயிர்சாதம் போதாதா? மறுநாளும் கெடக்கூடாது என்றுதானே புளிசாதம். பெண் முடிவு பண்ணுவதற்கு முன்பே அம்மா அனுப்பிவிட்டாள். அந்த அம்மா அழவில்லை, அவளுக்கும் சேர்த்து நான் அழுதேன்.

அப்பா ஏன் அடம் பிடிக்கிறார் என்று உனக்கே தெரியும். தை மாதம் வந்துவிடுவாய் என்று மாடி அறைக்கு ரோஸ் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார், உள்ளே போனால் கண் கூசுகிறது. எனக்கும் நீ வர வேண்டும் என்றுதான் ஆசை, மறைக்கவில்லை. ஆனால் எங்களுக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதே, அதை என்னால் பார்க்க முடியாது. தலையை நன்றாகத் துவட்டு. தாடிக்காரன் எவனாவது இருந்தால் முதலில் எனக்குச் சொல். இந்தக் கடிதம் இருக்கிற பார்சலில் மூன்று பாட்டில் புளிக்காய்ச்சல் இருக்கிறது, வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். ஈரக் கரண்டி போடாதே. அப்பா இப்போதும் ஏறலை என்றுதான் சொல்கிறார். சொல்லிக்கொண்டே பாட்டில்களை என் கையிலிருந்து வாங்கி, எண்ணெய் கசியாமல் மூடிக்கு இன்னும் இரண்டு சுற்று டேப் ஒட்டினார்.

நல்லா இருடி.

உன் அம்மா
கஸ்தூரி