பெரியப்பாவின் தாகம்

அன்புள்ள அக்கா,

அண்ணன் இறந்துபோன பின்னறையில் சத்தம் கேட்கிறது என்று நான் சொன்னபோது நீ நம்பவில்லை. நிஜம்தான். தினமும் மத்தியானம் அவருடைய இருமல் கேட்கும். வெறும் செம்பு பறந்து வந்து கதவில் மோதும். நான் அறையைப் பூட்டிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போய்விட்டாள். பதறி ஓடினேன். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் கட்டிலருகே தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா, மெதுவா குடிங்க. புரையேறிடும்."

செம்பு அவள் கையிலிருந்து உயர்ந்து மெல்லச் சாய்ந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பிறகு, யாரோ தடவிக்கொடுத்ததுபோல அவள் தலைமுடி அசைந்தது.

அதற்கப்புறம் அங்கே சத்தமே இல்லை.

அக்கா, அண்ணன் இறந்த அன்று நான் தூங்கிப்போனதாக உன்னிடம் சொன்னேன். தூங்கவில்லை. மூன்று முறை தண்ணீர் கேட்டார். மாதக்கணக்கில் அவரைப் பார்த்துக்கொண்ட சலிப்பில், கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று படுத்தே கிடந்தேன்.

"பாவம்ப்பா பெரியப்பா. உங்ககிட்ட கேக்கவே இல்லையா?" என்கிறாள் மகள்.



முகம் காட்டத் தைரியமில்லாத,
உன் தம்பி