வேலிக்கு வெளியே ஓட்டம்

மார்கழி, செவ்வாய் இரவு

நான் விசில் ஊதினால் டவுன்ஷிப் மைதானத்தில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஓடுவார்கள். ஒரு வாரமாக, கம்பிவேலிக்கு வெளியே முட்புதருக்குள்ளும் யாரோ ஓடுகிற சத்தம். பிரமை என்றிருந்தேன். இன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, காலி மைதானத்தில் நின்று ஊதிப் பார்த்தேன். புதருக்குள் ஓட ஆரம்பித்தது. வேலிப் பக்கம் போய்க் கத்தினேன்.

"யாரது?"

வேலியோரம் ஒரு சிறுமி வந்து நின்று மூச்சு வாங்கினாள். "நான்தாங்க மிஸ். அப்பா மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டுங்க. பர்மனெண்ட் ஆளுங்க புள்ளைங்களுக்குத்தான் பாஸுன்னு வாட்ச்மேன் உள்ள வுடல."

எவன் போட்ட ரூலோ! நாளைக்கு வாட்ச்மேனோடு சண்டை போட்டாவது அவளை உள்ளே கூட்டிவந்துவிடுவேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் அவள் என் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, புதருக்குள் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை.