கண்ணாடிப் பெட்டிக்குள் நம் பேழை

உடுமலைப்பேட்டை
24.11.1996

அன்புத் தம்பி மருதாசலத்துக்கு,

அக்கா பழனாத்தாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் புவனாவும் சுகம். நீங்கள் அமெரிக்காவில் சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமராவதி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். தேங்காய் விலைதான் படுத்துக் கிடக்கிறது. உன் பையன் மனோஜ்குமாரின் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தாள் வழவழவென்று அழகாக இருக்கிறது. கோயமுத்தூர் மண்டபத்தில் முகூர்த்தம் போட்டிருக்கிறாய், வரவேற்பு போட்டிருக்கிறாய், மெல்லிசைக் கச்சேரிகூடப் போட்டிருக்கிறாய். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் பேழை தாங்கி நிற்கும் இணைச்சீரை மட்டும் காணோம்.

போன மாதம் போனில் இதைத்தானே கேட்டேன்? என்ன சொன்னாய்? ஊர்வீட்டை விற்கும்போது பரணில் பார்த்தேன், பேழையைக் கரையான் தின்றுவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன், இனி எதை வைத்து அக்கா சீர் செய்வது என்றாய். குரலைக்கூட இறக்கிக்கொண்டாய். நானும் நம்பி அன்று முழுக்கச் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதேன்.

போன வியாழக்கிழமை கண் டாக்டரைப் பார்க்கக் கோயமுத்தூர் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, சாயந்திரம் வரச் சொன்னார்கள். புவனா பேங்க்கில் அரைநாள் லீவு போட்டிருந்தாள். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஊர்ச் சரித்திரமெல்லாம் காட்டுகிறார்கள், காசு கிடையாது, ஃபேன் இருக்கும் என்று கூட்டிப் போனாள். மூன்றே அறைகள். சிறுவாணித் தண்ணீர் வந்த நாளில் எடுத்த போட்டோ, ஏதோ மில்லில் ஊதிய சங்கு, அந்தக் காலத்து பம்பு மோட்டார். மூன்றாவது அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே ஒரு பல்பு எரிய, நம் பேழை உட்கார்ந்திருந்தது.

மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே மங்கல்தான். அது மட்டும் மங்கவில்லை. விளிம்பு பிய்ந்தபோது அம்மா தன் பச்சைச் சேலையைக் கிழித்துச் சுற்றித் தைத்தாளே, அந்தத் துணி அப்படியே இருக்கிறது. ஒரு கரையானும் அதைத் தொடவில்லை. கீழே ஒரு அட்டை. புவனா படித்துக் காட்டினாள். மூங்கில் பேழை, கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் முற்காலத்தில் பயன்படுத்தப்பட்டது, அன்பளிப்பு திரு. மருதாசலம், அமெரிக்கா.

முற்காலமாம்! போன ஆவணியில் அந்தியூரில் நம் பெரியப்பா பேரன் கல்யாணத்தில் அவன் தங்கை பேழை தாங்கி நின்றாள். அவள் டாக்டருக்குப் படித்தவள். அவள் முற்காலமா? உன் கல்யாணத்தில் கூறைச்சேலையை அந்தப் பேழையில் வைத்து இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றேனே, சேலையின் ஒரு முனை உன் கையிலும் மறுமுனை என் கையிலும் இருந்ததே, நான் முற்காலமா? இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன்?

கோபத்தில் கண்ணாடியைத் தட்டிவிட்டேன். அங்கே பார்த்துக்கொள்ளும் கோபாலசாமி என்பவர் ஓடி வந்து, “ஏனுங்கம்மா, அதைத் தொடக் கூடாதுங்க” என்றார். என் ஊட்டுச் சாமானைத் தொட நான் ஆரைக் கேக்கோணும் என்று சத்தம் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மில் சங்கை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்துவிட்டன. அந்த மனுசர் பாவம், நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். கல்யாணத்துக்கு ஒரு நாள் வேண்டும் என்று கேட்டேன். “குடுத்தவரு ஒரு வரி எழுதிப்போட்டாப் போதுமுங்க, நானே ஆட்டோவுல கொண்டாந்து தாரேன்” என்றார். முகம் தெரியாதவருக்கு இருக்கிற மனசு கூடப் பிறந்தவனுக்கு இல்லை.

நீ எதற்குப் பொய் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். இணைச்சீர் என்று வந்தால், நம் பிள்ளைகளை நமக்குள்ளேயே கட்டிக்கொள்வோம் என்று உன் கல்யாணச் சீர் அன்றைக்குச் சபையில் ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் வரும். பேழையைப் பார்த்தால் அக்கா, புவனாவுக்கு என்ன வழி என்று மண்டபத்தில் கேட்டுவிடுவாள் என்று பயந்துவிட்டாய். அட கிறுக்கா! புவனாவிடம் மனோஜ் பேச்சை எடுத்தாலே அவனுக்குச் சின்ன வயதில் மூக்கு ஒழுகிய கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். அவன் பூனாக்காரப் பெண்ணை ஆசைப்பட்டான், கட்டிக்கொள்ளட்டும். நான் எப்போதாவது கேட்டேனா? கேட்டிருந்தால் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பேன். உன்னைப் போலக் கரையான் மேல் பழி போடத் தெரியாது எனக்கு.

நான் கேட்பது நந்திதாவுக்காக. அவள் மனோஜுக்குக் கூடப் பிறந்தவள். தாலி கட்டுவதற்கு முன்னால், இவளை நான் விட்டுவிட மாட்டேன் என்று அண்ணன் சபைக்கு நடுவில் ஒத்துக்கொள்வதற்குத்தான் அந்தச் சீர். அந்த ஒரு நாழிகைதான் பெண்ணாய்ப் பிறந்தவளுக்குப் பிறந்த வீட்டில் எழுதி வைத்த சொத்து. உன் மச்சான் கண்ணை மூடிய பிறகு சீரில் நான் பேழையைத் தொடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நந்திதா தாங்கட்டும். சேலை கட்டத் தெரியாவிட்டால் புவனா கட்டிவிடுவாள்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பு. கல்யாணம் முடிந்ததும் பேழையை நானே கொண்டுபோய் அந்தக் கண்ணாடிக்குள் வைத்துவிடுகிறேன். அட்டையில் முற்காலம் என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடச் சொல்.

நீ எழுதாவிட்டாலும் தை மாதம் நான் மண்டபத்துக்கு வருவேன். புருசன் இல்லாதவள் என்று பந்தி பக்கம் ஒதுங்கி உட்கார மாட்டேன். மேடைக்குக் கீழே, உன் கண்ணுக்கு நேராக, வெறுங்கையோடு நிற்பேன். யார் இந்தம்மா என்று சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வை.

மனோஜும் அந்தப் பெண்ணும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். குளிர் அதிகம் என்கிறார்கள், நீ காதை மூடிக்கொண்டு வெளியே போ. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுவலி வரும்.

இப்படிக்கு,
இன்னும் உன் அக்காதான்,
பழனாத்தாள்