இந்த வயசுல இது என்ன வேலை

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் பாதியில் நீ வைத்துவிடுகிறாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நலம்தானே? அத்தானையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் என் பிரிவை மூடியபோது வேறு ஆபீஸ் தேடாமல் நர்ஸிங் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். அந்தக் கோபம் உனக்கு இன்னும் தீரவில்லை என்று தெரியும். உனக்கு ஒரு நல்ல செய்தி: எனக்கும் என் மேலேயே கோபம்தான். வகுப்பில் எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. என்னை "அங்கிள்" என்கிறார்கள். சொல்லித்தரும் பெண்ணுக்கே இருபத்தாறுதான் இருக்கும். அவளும் "அங்கிள்" என்கிறாள்.

இன்று ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றும் பரீட்சை. நோயாளியாக நடித்த பெண்ணை ஒரு பக்கமாகப் புரட்டினேன். அவள் கட்டிலிலிருந்தே கீழே விழப் பார்த்தாள். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி "டென்ஷன் ஆகாதீங்க, மூச்ச இழுத்து விடுங்க" என்கிறாள். மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. அதனால்தான் இவ்வளவு பேச்சையும் கேட்க வேண்டியிருக்கிறது.

முப்பது வருஷமாக வார்டில் இருக்கிறாய். நீ நிதானம் இழந்து நான் பார்த்ததில்லை. எப்படி?

உன் தம்பி

ஜூன் 17

என் அருமைப் பெரிய மனுஷனுக்கு,

நான் நிதானம் இழந்ததில்லையா? உன் அத்தானிடம் கேள். வார்டில் வராத கோபம் எல்லாம் வீட்டுக்கு வரும். அவர் பாவம், அரிசி வாங்க மறந்த ஒரு குற்றத்துக்கு மொத்த ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கையைப் பிடித்து இழுத்திருப்பாய். மடையா, கையைப் பிடிக்கக் கூடாது. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், உன் பக்கமாகத் திருப்பு. கட்டிலை முதலில் உன் இடுப்பு உயரத்துக்கு ஏற்று. தொடுவதற்கு முன்னால் "இப்ப திருப்பப் போறேன்" என்று சொல். சொல்லாமல் தொட்டால் யாராக இருந்தாலும் பயந்து விறைத்துக்கொள்வார்கள்.

நிதானத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. கை நடுங்கினாலும் அடுத்த வேலையைச் செய். அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் அதற்கு நிதானம் என்று பேர் வைத்துவிடுவார்கள்.

கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். நாற்பத்து மூன்று வயதில், படித்த படிப்புக்கு, உனக்கு ஒரு மேஜையும் நாற்காலியுமா கிடைக்காது? எனக்கு எரிச்சலாக வருகிறது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி தோளும் இடுப்பும் பிடித்தேன். விரிப்புப் பரீட்சையில் தேறிவிட்டேன். இப்போது நிஜ வார்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அங்கே ஏழாம் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். நேற்று அவருக்கு உடம்பு துடைக்கப் போனேன். கை தவறிக் கொஞ்சம் தண்ணீர் கட்டிலில் கொட்டிவிட்டது. அவர் வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்: "யோவ், இந்த வயசுல உனக்கு வேற வேலையே கிடைக்கலையா? பெத்த பிள்ளைங்க முகத்துல எப்படிய்யா முழிக்கிற?"

துண்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்லித்தரும் பெண் வந்தாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், "அங்கிள், தண்ணி ஆறிடும்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போனேன். மீதி முதுகைத் துடைத்தேன். அவர் திட்டிக்கொண்டே இருந்தார்.

இன்று காலை பழைய மேனேஜர் போன் செய்தார். வேறொரு கிளையில் வேலை காலியாம், உடனே வரலாமாம். நேற்று வந்திருந்தால் ஓடியே போயிருப்பேன். இன்று யோசனையாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

தம்பி

ஜூலை 27

அன்புத் தம்பிக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திங்கட்கிழமையே போய்ச் சேர். இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரத்து இடம், வெயில்கூட அடிக்காது. அந்த ஏழாம் கட்டில்காரர் வாயில் விழுந்து எழுந்திருக்க உனக்கு என்ன தலையெழுத்தா? இனியாவது என்னை நிம்மதியாகத் தூங்க விடு.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

இரண்டாவது மாடி என்று நான் எழுதவே இல்லை. ஜன்னல் ஓரம் என்பது எனக்கே தெரியாது.

மேனேஜரிடமே கேட்டேன். "உங்க அக்காதான் ரெண்டு மூணு தடவ பேசினாங்க. நீங்க ரொம்ப உடைஞ்சு போயிருக்கீங்கன்னு அழுதாங்க, சார்" என்றார். நான் உன்னை நம்பி எழுதியதை எல்லாம் அவர் என்னிடமே திருப்பிச் சொன்னார்.

வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ இனி எனக்காக யாரிடமும் பேச வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

ஆகஸ்ட் 20

தம்பி,

கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். நல்ல மரியாதை.

பேசினேன்தான். என்ன செய்வாய்? அப்பா போனபோது எனக்குப் பத்தொன்பது, உனக்குப் பதினொன்று. எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துப் படிப்பும் சொல்லித்தருகிறார்கள் என்பதற்காகத்தான் நர்ஸிங்கில் சேர்ந்தேன். ஒவ்வொரு மலத்தட்டைத் தூக்கும்போதும், "என் தம்பி இதைத் தூக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டுதான் தூக்கினேன். நீ டை கட்டி ஆபீஸுக்குப் போன அன்று என் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தேன், தெரியுமா?

இப்போது நீயாகவே வந்து அதே தட்டைத் தூக்குகிறாய். அப்படியென்றால் நான் எதற்காகத் தூக்கினேன்?

உன்னைக் கேட்காமல் பேசியது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் தீரவில்லை. உனக்கும் தீர்ந்திருக்காது. இருக்கட்டும்.

உன் அக்கா

அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில், நீ வருவதற்கு முன்னால், அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்தான். பார்த்துக்கொண்டேன் என்றா சொல்வது? கையில் துண்டோடு வாசல்படியிலேயே நிற்பேன். எங்கே தொட்டாலும் அம்மாவுக்கு வலிக்கும். நீ வந்து, பேசிக்கொண்டே துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாய். அம்மா தூங்கிவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த தூக்கம். நான் அதே வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் பத்தொன்பது வருஷம் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஒருவராவது அப்படித் தூங்கியிருப்பார்களா என்று தெரியவில்லை. பிரிவை மூடுகிறோம் என்றபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான். சொன்னால் நீ திட்டுவாய் என்று சொல்லவில்லை. நீ தூக்கியது வீணாகிவிட்டது என்கிறாய். அக்கா, அதைப் பார்த்துத்தான் நான் இந்தப் பக்கமே வந்தேன்.

இறுதிப் பரீட்சையில் தேறிவிட்டேன். அதே ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்துவிட்டது. ஏழாம் கட்டில்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போதும் திட்டிவிட்டுத்தான் போனார், சக்கர நாற்காலியை வேகமாகத் தள்ளுகிறேனாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா நாளும் சிரிப்பு வரும் என்று சொல்ல மாட்டேன். சில நாள் மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன்.

என்றும் உன் தம்பி

அக்டோபர் 14

என் தம்பிக்கு,

கடிதத்தை மருந்து அறையில் நின்று படித்தேன். வீட்டில் படித்திருக்க வேண்டும். கண் சிவந்துபோய் வெளியே வந்தால் ஊரே விசாரிக்கிறது. தூசி என்றேன்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். என் கால் முட்டி தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் நாலாம் தேதி ஆபரேஷன். அப்புறம் பத்து நாளாவது தூக்கி உட்கார வைக்கவும், கழிப்பறைக்குக் கூட்டிப் போகவும், உடம்பு துடைக்கவும் ஆள் வேண்டும். உன் அத்தான் ஊசியைப் பார்த்தாலே மயங்கிவிடுவார். பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். என் வார்டுப் பெண்கள் செய்வார்கள். ஆனால் இத்தனை வருஷம் அதட்டி வேலை வாங்கிய பெண்களிடம் எப்படி உடம்பைக் கொடுப்பது?

நீ வா. நான் திட்டுவேன். ஏழாம் கட்டில்காரர் என் முன்னால் ஒன்றுமே இல்லை என்று உனக்குப் புரியும். லீவு தர மாட்டார்கள் என்று சாக்குச் சொல்லாதே. புதிதாகச் சேர்ந்தவன் எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லித்தருகிறேன். இல்லை, வேண்டாம். நீயே கேள்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.

அக்கா