பேட்டரி தீர்வதற்குள் அப்பா பேசியது

கீழ்வேளூர்

அன்பு மகள் எழில்மொழிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் ரொம்பக் களைத்துப்போய்விட்டேன் எழில். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

புயலில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு நம் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நிற்கிறது, வடிய வைக்க ஆள் கிடைக்கவில்லை. ஊர் முழுக்கக் கரண்டும் இல்லை. பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு நின்றதிலிருந்து சென்னை டாக்டரம்மா வாராவாரம் நீ விட்டுப்போன லேப்டாப்பில் வந்து பயிற்சி கொடுக்கிறார் அல்லவா, போனின் சின்னத் திரையில் அவருடைய வாயசைவு அப்பாவுக்குத் தெரிவதில்லை. போன வாரம் கரண்ட் போனதும் லேப்டாப் பாதியிலேயே அணைந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பிடக்கூட எழவில்லை. இந்த வாரமும் அப்படி ஆனால் இனிமேல் பயிற்சிக்கு உட்காரவே மாட்டார் என்று எனக்குப் பயம்.

ஜெனரேட்டர் ஓடும் ரைஸ்மில்லில் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு வாங்கிவந்து, அடுத்த தெரு ஷமீரா டீச்சரைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, இத்தனை டேப் திறந்து வச்சிருக்கீங்க, எல்லாம் சார்ஜைத் தின்னுக்கிட்டே இருக்குமே" என்றாள். மழைச் செய்தி, நெல் விலை, பாட்டு, நான் எதையும் மூடியதே இல்லை. ஒவ்வொன்றாக மூடினாள். பிரவுசர் செட்டிங்ஸுக்குள் போய் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வசதியைப் போட்டுவிட்டாள், வீடியோ தானாக ஓடாமல் செய்தாள், தெரியாமல் நான் சரி சரி என்று அமுக்கிச் சேர்த்துவைத்த எக்ஸ்டென்ஷன்களை எடுத்தாள், திரை வெளிச்சத்தையும் குறைத்தாள். கடைசியில் ஒன்று பாக்கி. "ஏதோ வெளிநாட்டு ஊரு வெதர்ம்மா, இதையும் மூடிடவா?" என்று கேட்டாள். உன் ஊர்தான். தினமும் காலையில் பார்ப்பேன். மூடிவிடச் சொல்லிவிட்டேன்.

ஷமீராவின் போன் நெட்டில் டாக்டரம்மா திரையில் வந்தார். தண்ணீர் என்று சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பேட்டரி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வாயைக் கோணிக் கோணி முயன்றார், வியர்த்துக் கொட்டியது. அப்புறம் தலையை ஆட்டிவிட்டு, "போதும்" என்றார். தெளிவாக, பழைய குரலில். டாக்டரம்மா கைதட்டினார், ஷமீராவுக்கு அழுகை வந்துவிட்டது, நானும் சிரித்தேன். பயிற்சி முடிந்தும் லேப்டாப் அணையவில்லை.

பயிற்சி போதும் என்றாரா, எல்லாமே போதும் என்றாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வார்த்தை எனக்கும் பல நாளாக வாய்வரைக்கும் வந்து போகிறது.

நீ பயந்துவிடாதே. லீவு கிடைத்தால் தை பிறக்கும் முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, எதுவும் அனுப்ப வேண்டாம், நீ வந்தால் சரி. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனை அவர் காதருகே வைக்கிறேன். பதில் வராவிட்டாலும் நிறுத்தாமல் பேசு.

உன் அம்மா
செந்தாமரை